காவிரி, கொள்ளிடக் கரைகளில் தண்ணீரின் பருவமறிந்து தூண்டில் போடும் முறை

தூண்டில் போடப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மாதத்தில் எந்த மீன் கிடைக்கும் என்பதுதான். காவிரியைப் பொறுத்தவரை நாட்காட்டியைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படும் என்பது கணக்கு. ஆனால் 2022இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை திறக்க முடியவில்லை. அதே ஆனி மாதத்தில், ஓராண்டு முழங்காலளவு புதுநீர் ஓடிய படித்துறையில் மற்றோராண்டு பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் பருவம் என்று நான் சொல்வதெல்லாம் தண்ணீரின் பருவத்தைத்தான்: நீர் ஏறுகிறதா, நிற்கிறதா, வடிகிறதா, அதன் நிறம் செம்மையா, பச்சையா, தெளிவா. இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் எந்த மீனுக்குப் போவது, எந்த இரையைக் கோப்பது, எவ்வளவு ஆழத்தில் விடுவது என்பவை பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும். முக்கொம்பிலிருந்து கல்லணை வரைக்கும், அதற்குக் கீழே பிரியும் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் நான் பழகியதை வைத்தே எழுதுகிறேன். தாமிரபரணிக்கோ பவானிக்கோ இதை அப்படியே பொருத்தக் கூடாது.

முதலில் தண்ணீர் பார்த்தல்

கரைக்குப் போனதும் கழியை விரிக்காதீர்கள். ஒரு சாண் நீளக் குச்சியை எடுத்து, நீர் மணலைத் தொடும் விளிம்பிலேயே நட்டுவிட்டு, அதன்பின் இரையைப் பிசையுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நீர் குச்சியைத் தாண்டி ஏறியிருக்கும், அல்லது குச்சிக்குக் கீழே ஈரமணல் பட்டையாகத் தெரியும், அல்லது இருந்த இடத்திலேயே இருக்கும். நீர் ஏறும்போது மீன் ஓரத்துக்கு வரும். புதிதாக நனையும் புல்லிலும் மண்ணிலும் புழுவும் பூச்சியும் வெளிப்படுவதால், முழங்கால் ஆழத்தில்கூடக் கெளுத்தி மேயும். நீர் வடியும்போது மீன் ஓரத்தை நம்பாது; நடு ஓட்டத்தின் விளிம்புக்கும், மடுவுக்கும், வாய்க்கால் ஆற்றில் சேரும் வாய்க்கும் போய்விடும். நிலையாக நிற்கும் நீர்தான் கட்லா, ரோகு, மிருகால் போன்ற கெண்டை வகைகளுக்கு உகந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல் மூன்று நாள் நின்ற நீரில் அவை ஒரே பாதையில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் மேயத் தொடங்கும்.

நிறத்தைப் பார்ப்பதற்கு ஒரு சுலபமான வழி, உள்ளங்கையை விரித்து நீருக்குள் இறக்குவது. மணிக்கட்டு மூழ்குவதற்குள் விரல்கள் மறைந்துவிட்டால் அது செந்நீர். கண்ணால் வேட்டையாடும் விராலும் வாளையும் அன்று சோம்பிக் கிடக்கும், மணத்தாலும் மீசையாலும் இரை தேடும் கெளுத்திக்குத்தான் போக வேண்டும். முழங்கை வரை இறக்கியும் விரல் தெரிந்தால் தெளிந்த நீர். தூண்டில் நரம்பை மெல்லியதாக்கி, கரையில் நிழல் விழாமல் உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவில், இளநீர் மட்டையின் பச்சையில் நீர் நின்றால் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

குச்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. உண்மையில் அதுதான் முதன்மையானது. கொள்ளிடம் காவிரியின் மிகைநீர் வடியும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணலும் ஆங்காங்கே குட்டைகளுமாகக் கிடக்கும். மேட்டூர் நிரம்பினால் சில நாட்களில் கரைக்குக் கரை ஓடும். 2018 ஆகஸ்டில் அப்படி ஓடிய வெள்ளத்தில்தான், 1830களில் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் ஒரே இரவில் அடித்துச் செல்லப்பட்டன. அந்த விசைக்கு முன்னால் மணல் திட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் எம்மாத்திரம்? ஓர் ஆவணியில் கொள்ளிடத்தின் நடுத் திட்டில் விராலுக்காக நானும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தபோது, வந்த வழியில் கணுக்கால் ஆழத்தில் இருந்த ஓடை ஒரு மணி நேரத்தில் இடுப்பளவாகிவிட்டது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, சாமான எல்லாம் போட்டுட்டு வெறுங்கையா வாங்கடா" என்று கத்தியிராவிட்டால் நாங்கள் கழிகளைக் காப்பாற்றப் பார்த்து உயிரை விட்டிருப்போம். அன்றிலிருந்து என் விதி இதுதான்: அரை மணி நேரத்தில் நீர் இரண்டு விரல் ஏறினால் திட்டை விட்டு வெளியேறிவிடுவது. அணையில் நீர் திறப்பு கூட்டப்படும் நாட்களில் கரையோர ஊர்களில் தண்டோரா போடுவார்கள், செய்தியிலும் சொல்வார்கள். கிளம்புமுன் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்களும் ஆபத்தானவை. மேலே முழங்கால் தண்ணீர் போலத் தெரியும், அடுத்த அடியில் ஆள் மூழ்கும். மீனும் அங்கேதான் நிற்கும் என்பதுதான் சங்கடம். கரையிலிருந்தே எறியுங்கள், இறங்காதீர்கள். கீழணை இருக்கும் அணைக்கரை ஊர்ப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. அங்கே நீரில் காலை வைத்துக்கொண்டு தூண்டில் போடுவது கூடவே கூடாது.

கருவிகள்

இதில் அதிகம் சொல்வதற்கில்லை. பத்து முதல் பன்னிரண்டு அடி நீளமுள்ள, கணு நெருங்கிய மூங்கில் கழி ஒன்றும், ஏழெட்டடி நீளமுள்ள ராடு ஒன்றும் ரீலோடு இருந்தால் ஆற்றில் உள்ள எல்லா மீனுக்கும் போதும். மூங்கில் கழி ஓரத்து மீனுக்கு. ராடு தூரத்துக்கும் பெரிய மீனுக்கும். மழைக்காலத்தில் கார்பன் ராடை மின்கம்பிக்கு அடியில் தூக்கக் கூடாது, இடி கேட்டதும் கீழே வைத்துவிட வேண்டும். அது மின்சாரத்தைக் கடத்தும் பொருள்.

தங்கூஸ் நரம்பில் 0.20 மில்லிமீட்டர் கனம் ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும், 0.30 பெரிய கெண்டைகளுக்கும், 0.40 விராலுக்கும் வாளைக்கும் பொருந்தும். வாளையின் வாய் நிறையப் பொடிப் பற்கள் இருப்பதால், தூண்டில் முள்ளுக்கு மேல் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய எஃகுக் கம்பியோ தடித்த நரம்போ சேர்க்க வேண்டும். முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறியது என்பதைக் கடையில் வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜிலேபி, பனையேறிக்கு 10, கெளுத்தி, உளுவைக்கு 8, கட்லா, ரோகு, மிருகாலுக்கு 4 அல்லது 6, விராலுக்கும் வாளைக்கும் 1/0 முதல் 3/0 வரை (/0 என்று போட்ட முட்களில் மட்டும் எண் கூடக் கூட அளவு பெரியது). முடிச்சுப் போடும்போது நரம்பை ஐந்தாறு முறை முறுக்கி, எச்சிலால் நனைத்த பிறகே இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலவீனப்பட்டு, பெரிய மீன் கடித்தபோது அந்த இடத்திலேயே அறும்.

தக்கைக்கு நெட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய ரப்பர் செருப்பைச் சுண்டுவிரல் அளவு நறுக்கிக்கொள்ளலாம். எதுவானாலும் ஈயத்தைச் சரியாகக் கட்டுவதில்தான் பலன் இருக்கிறது. தக்கையின் தலை மட்டும் ஒரு நெல்மணி உயரத்துக்கு நீருக்கு மேலே தெரியும்படி ஈயத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பாதித் தக்கை மேலே மிதந்தால், மீன் இழுக்கும்போது அந்தத் தடையை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். நமக்கோ தக்கை லேசாக ஆடியது போலத்தான் தெரியும்.

இரை

மண்புழு எல்லா நீருக்கும் எல்லாப் பருவத்துக்கும் ஆகும். மாட்டுத்தொழுவத்துக் குப்பைமேட்டில் கிடைக்கும் சிவந்த சிறு புழு, வயலில் கிடைக்கும் வெளிறிய பெரும்புழுவைவிட நன்றாகத் துடிக்கும். முழுப் புழுவையும் முள்ளில் அடைக்காமல் வால் அரை அங்குலம் தொங்கும்படி விடுங்கள்.

கெண்டை வகைகளுக்கு மாவு உருண்டை. கடலைப் பிண்ணாக்கை மணம் வரும் வரை வெறும் சட்டியில் வறுத்து இடித்து, இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். அரிசித் தவிடு ஒரு பங்கு, மைதா ஒரு பங்கு, வறுத்துப் பொடித்த வெந்தயமோ சோம்போ ஒரு சிட்டிகை. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். கொட்டிவிட்டால் பிறகு மைதாவைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கும், இரை பசையாகி முள்ளில் கல்லாக உட்கார்ந்துவிடும். பதம் பார்ப்பதற்குக் கண்ணாடிக் குவளை ஒன்றில் ஆற்றுநீரை நிரப்பி, நெல்லிக்காய் அளவு உருண்டையைப் போடுங்கள். போட்டவுடனே கரைந்தால் மைதா போதாது. பத்து நிமிடம் கழித்தும் அசையாமல் கிடந்தால் மைதா மிகுதி. மூன்றாவது நிமிடத்தில் ஓரங்கள் தூளாக உதிர்ந்து, குவளைக்கு அடியில் சிறு புகைபோல மூட்டம் படர வேண்டும். அந்த மூட்டம்தான் மீனை அழைக்கிறது. முள்ளில் இருப்பது வந்த மீனுக்குக் கிடைக்கும் கடைசிக் கவளம் மட்டுமே. உட்காரும் இடத்தில் இதே மாவில் ஆரஞ்சுப் பழ அளவில் நான்கைந்து உருண்டைகளை ஒரே புள்ளியில் எறிந்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். புள்ளி தவறாமலிருக்க எதிர்க்கரை மரம் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

கெளுத்திக்குக் கோழிக்குடலும், வாளைக்குக் கைவிரல் நீளச் செத்த கெண்டைக்குஞ்சும், விராலுக்கு ரப்பர் தவளையும் போதுமானவை. உயிருள்ள தவளையை முள்ளில் கோக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. தேவையே இல்லாத கொடுமை அது. ரப்பர் தவளையை விரால் அதைவிட மோசமாகக் கடித்து நான் கண்டதில்லை.

புதுநீர்

மேட்டூர் திறந்து மூன்று நான்கு நாட்களில் கல்லணை திறக்கப்படும். வறண்ட மணலில் முதலில் வருவது நுரையும் சருகும் கலந்த செந்நீர். முதல் இரண்டு நாள் தூண்டில் போடுவது வீண். மீனும் இடம் பிடிக்கவில்லை, சருகும் நரம்பில் சிக்கிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து கெளுத்திக்குப் போகலாம். ஓட்டம் நேராக அடிக்கும் இடத்தை விட்டு, படித்துறையின் கீழ்ப்பக்கம், பாலத்தூணின் நிழல் பக்கம், வளைவின் உட்புறம் என்று நீர் சுழன்று தயங்கும் இடங்களில் புழுவைத் தரையைத் தொடும்படி விடுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் இருட்டும் வரை நன்றாகக் கடிக்கும்.

இதே நாட்களில்தான் கெண்டை வகைகள் முட்டையிட நீரை எதிர்த்து ஏறுகின்றன. அவற்றின் இனப்பெருக்கம் தென்மேற்குப் பருவமழையின் ஏறும் நீரோடு கட்டுண்டது. குளத்தில் வளர்க்கும் கட்லாவும் ரோகுவும் முட்டை முதிர்ந்தும் தாமாக இடாமல் நிற்பதும், பண்ணைகளில் ஊசி போட்டு முட்டையிடச் செய்வதும் அதனால்தான். கதவணைக்குக் கீழே நீர் கொட்டும் இடத்தில் ஏற முடியாமல் மீன் குவியும்போது அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வயிறு உப்பி, தொட்டால் மெத்தென்று இருக்கும் சினைமீன் தூண்டிலில் வந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. கதவணையை ஒட்டிய பகுதி வழுக்குப் பாசியும் சுழலும் உள்ள இடம். பல இடங்களில் மீன்பிடிக்கத் தடையும் உண்டு.

நிறைநீர்

ஆடிப்பெருக்குக்கு முன்னும் பின்னும் ஆறு நிறைந்து ஓடும் நாட்களில் பேராற்றை விட்டுவிட்டுக் கிளை வாய்க்கால்களுக்குப் போவதே புத்திசாலித்தனம். மதகுக்குக் கீழே ஓட்டம் தணியும் முதல் வளைவு, நெய்வேலிக் காட்டாமணக்கு நீரில் சாய்ந்து கிடக்கும் ஓரம், ஆகாயத்தாமரைத் திட்டின் கீழ் விளிம்பு ஆகியவை ஜிலேபிக்கும் விராலுக்கும் இடம். ஜிலேபி 1952இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று தமிழகத்தில் அது இல்லாத நீர்நிலை அரிது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் எந்த நீரிலும் பெருகிவிடுகிறது. பிடிக்கத் தயங்கவே வேண்டாத மீன் இது. பழகுகிறவர்கள் இதில் தொடங்குவது நல்லது.

மழைநீர்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. அதுவரை மேற்கிலிருந்து ஆறு கொண்டுவந்த நீர் வயலுக்குப் போனது. இப்போது வயலில் பெய்த மழை வடிகால் வழியாக ஆற்றுக்கு வருகிறது. மீனின் போக்கும் அதற்கேற்ப மாறும். அடைமழை கொட்டும்போது எதுவும் கடிக்காது. மழை விட்ட இரண்டாம் நாள், வெயில் முகம் காட்டும் முற்பகலில், வயல் வடிகால்களில் பனையேறியும் குறவையும் சிறு விராலும் புழுவுக்கு வரும். பனையேறி காற்றைச் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால் ஈரத் தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். செவுள் மூடியின் ஓரம் அரம்போல இருக்கும், கையில் பிடிக்கும்போது துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

விராலைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் நீர்ப்பரப்பில் கையகலத்துக்குத் தணல் போன்ற செந்நிறப் பொடிக் கூட்டம் ஒன்று குமிழியிட்டபடி நகர்வதைக் காண்பீர்கள். அது விரால் குஞ்சு. அதற்கு அடியிலேயே தாயும் தந்தையும் காவல் இருக்கும். கூட்டத்தின் மேல் ரப்பர் தவளையை எறிந்தால், பசிக்காகவன்றிக் காவலுக்காகப் பாய்ந்து கடிக்கும். இதை வைத்து நிச்சயமாக மீன் பிடிக்கலாம், ஆனால் காவல் போன அரை மணி நேரத்தில் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் ஜிலேபியும் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக நூற்றுக்கணக்கில் இழக்கும் இந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. குஞ்சு கண்ட இடத்தில் நான் தூண்டில் போடுவதில்லை.

இரவில் புழுவுக்கு விலாங்கும் ஆராலும் வரும் காலமும் இதுவே. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து, முதிர்ந்தபின் முட்டையிடக் கடலுக்கே திரும்பும் மீன். அதன் வேகாத இரத்தத்தில் நஞ்சு உண்டு, வேகவைத்தால் போய்விடும். அறுக்கும்போது கண்ணிலோ காயத்திலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆராலின் முதுகில் வரிசையாகச் சிறு முட்கள் உண்டு; வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கையை உருவினால் கிழித்துவிடும்.

வடிநீர்

தை பிறந்ததிலிருந்து மாசி பாதி வரைக்கும் உள்ள நாட்களைத்தான் நான் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருப்பேன். மேட்டூர் மூடப்பட்டு ஆற்றில் நீர் குறையும். சம்பா அறுவடைக்காக வயல்நீரை வடித்துவிடுவார்கள். நான்கு மாதமாக வயலிலும் வாய்க்காலிலும் மேய்ந்து கொழுத்த மீன் முழுவதும் ஆற்றின் மடுக்களை நோக்கி வரும். வடிகால் வந்து சேரும் வாயிலிருந்து பத்துப் பதினைந்து அடி கீழே, கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்தித்து ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில்தான் பெரிய மீன் நின்று, கலங்கலிலிருந்து வெளிவரும் சிறு மீனையும் புழுவையும் எதிர்பார்த்திருக்கும். வாளைக்கு அந்தி மயங்கும் நேரத்தில் செத்த மீனை அந்தக் கோட்டின் மேலே விட்டு, ஓட்டத்தோடு தானாக இறங்க விடுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய இந்த மீன் இப்போது பல ஆறுகளில் அருகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை.

கெண்டை வகைகளுக்குப் பனி விலகி வெயில் ஏறும் ஒன்பது மணியிலிருந்து நண்பகல் தாண்டும் வரை. காலை ஐந்தரைக்கே வந்து பனியில் நடுங்கிக்கொண்டு உட்கார்வது இந்தப் பருவத்தில் வீண்; நீர் குளிர்ந்திருக்கும்வரை மீன் அசையாது. மூன்று மீனுக்கும் மூன்று ஆழம். மேல்நோக்கிய அகன்ற வாய் கொண்ட கட்லா மேல்நீரில் மேய்வதால் மாவு உருண்டையைத் தரையிலிருந்து நன்றாக மேலே தொங்கவிட வேண்டும், ரோகுவுக்கு நடுநீர், மிருகாலுக்குத் தரை. எது மேய்கிறது என்று தெரியாதபோது தரையில் தொடங்கி, கால் மணிக்கு ஒருமுறை தக்கையை முள்ளை நோக்கி ஒரு முழம் இறக்கிக்கொண்டே வாருங்கள்.

கோடை

பங்குனியிலிருந்து ஆறு மடுக்களாகவும் கசங்களாகவும் துண்டுபடும். விடியலில் ஒரு மணி நேரம், அந்தியில் ஒரு மணி நேரம்; நடுவில் நிழலைத் தேடிக்கொள்ளுங்கள். மணல் தரையில் தட்டுத் தட்டாகப் பள்ளம் தெரிந்தால் அது ஜிலேபியின் கூடு. மணலோடு மணலாக ஒட்டிக் கிடக்கும் உளுவை புழுவுக்குத் தப்பாமல் வரும். வெப்பமான நீரில் உயிர்வளி குறைவு. விடியலில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியால் அல்ல, மூச்சுத் திணறலால். அன்று தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். மருதமரத்து வேர் தொங்கும் ஆழமான மடுக்களில் இருக்கும் மீன்தான் அடுத்த புதுநீருக்கு விதை. அங்கே பிடிப்பதைக் குழம்புக்கு வேண்டியதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தக்கை சொல்வது

பருவமும் இரையும் சரியாக இருந்தும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தக்கையில் தவறுகிறார்கள். ஜிலேபி கடித்தால் தக்கை படபடவென்று துடிக்கும். முதல் துடிப்பில் இழுத்தால் வெறும் முள்தான் வரும், தக்கைத் தலை முழுதாக மறையும்போது மணிக்கட்டால் மட்டும் சுண்ட வேண்டும். கெளுத்தி முன்னறிவிப்பே தராது. இருந்த தக்கையைக் காணோம் என்றால் கெளுத்தி, அது தானே மாட்டிக்கொண்டிருக்கும். உளுவை இரையை விழுங்கிவிட்டு நகராமல் கிடப்பதால் தக்கை சாய்ந்து மெல்ல ஓரடி நகர்ந்து நின்றுவிடும். மிருகால் தரையிலிருந்து இரையை எடுத்துத் தலையை உயர்த்தும்போது ஈயத்தின் பாரமும் சேர்ந்து எழுவதால், தக்கை அமிழ்வதற்கு மாறாக மேலெழுந்து நீரில் படுக்கும். புதியவர்கள் இதைக் கடி என்றே நினைப்பதில்லை. படுத்த தக்கையைக் கண்டதும் இழுங்கள். தக்கை நடுங்கிக்கொண்டே இருந்து, எடுத்துப் பார்த்தால் நரம்பு கத்தரித்தது போல இருந்தால் அது நண்டு, இடத்தை மாற்றுங்கள்.

விரால் வேறு இனம். இறந்த சிறுமீனை இரையாக வைத்திருந்தால் தக்கை சாய்வாக, நிதானமாக அமிழ்ந்து போகும், நிற்கும், மறுபடி போகும். முதல் அமிழ்வில் அது இரையை உதட்டில் கவ்விக்கொண்டு ஒதுக்கிடத்துக்குப் போகிறது, இரண்டாவதில்தான் விழுங்குகிறது. பத்து எண்ணுங்கள். நான் முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை விராலை இழந்தேன் என்று கணக்கில்லை. எண்ணத் தொடங்குவேன், நான்கு வருவதற்குள் கை தானாக இழுத்துவிடும். ரப்பர் தவளையாக இருந்தால் பத்து எண்ண வேண்டாம். நீர் சிதறிய சத்தம் கேட்டதும் ராடின் நுனியைத் தாழ்த்தி, ஒரு மூச்சு பொறுத்து, பலமாக இழுத்து, புல்லுக்குள் புக விடாமல் உடனே மேலே கொண்டுவர வேண்டும்.

பிடித்த பிறகு

கெளுத்தியின் முதுகில் ஒன்றும் இரு பக்கச் சிறகுகளில் ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள் விறைத்து நிற்கும். வயிற்றுப் பக்கமிருந்து, பக்க முட்களின் பின்னால் இரு விரல்கள் வரும்படி பிடித்தால் குத்தாது. தேளி என்ற மீனின் முள்ளில் நஞ்சே உண்டு. குத்திவிட்டால் இரத்தத்தைச் சிறிது வழியவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். வலி பெரிதும் தணியும். முள் முறிந்து உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும். முதுகுச் சிறகு வால் வரை நீண்டு, தலை தட்டையாகப் பெரிதாக இருந்தால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கலாம். நம் நாட்டு மீன்களைத் தின்றழிப்பதால் அதை வளர்ப்பதற்கு இந்தியாவில் தடை உண்டு. பிடிபட்டது அதுதான் என்று உறுதியானால் ஆற்றில் திருப்பி விடாதீர்கள். ஆமை சிக்கினால் முள்ளைக் கழற்றியோ, கழற்ற முடியாவிட்டால் நரம்பை வாயருகே நறுக்கியோ உடனே விடுங்கள். அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

அணை நீர்த்தேக்கங்களிலும் ஏலம் விட்ட நீர்நிலைகளிலும் முன் அனுமதி பெறாமல் தூண்டிலும் போடக் கூடாது. வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே குற்றம். ஒகேனக்கல்லை ஒட்டிய காட்டுப்பகுதியில் உள்ள திமில் மாசீர் உலக அளவிலேயே அழிவின் விளிம்பில் இருக்கும் மீன்; அந்தக் காடுகளின் பெரும்பரப்பு 2022இல் காவிரி தெற்கு வனவுயிர்க் காப்பகமாக அறிவிக்கப்பட்டுவிட்டதால் அங்கே தூண்டிலோடு போகும் எண்ணமே வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனில் விரால், குறவை, தேளி ஆகியவற்றை நனைத்த கோணிக்குள் போட்டு நிழலில் வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோணியின் வாயை இறுக்கிக் கட்டுங்கள், விரால் துள்ளி ஆற்றுக்கே போய்விடும். கெண்டை வகைகளுக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. பிடித்தவுடன் செவுளைக் கீறி இரத்தம் வடித்து, பனிக்கட்டி இல்லாவிட்டால் ஈரமான நாணல் தழைக்குள் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் வீடு சேர்த்துவிட வேண்டும். ஜிலேபியின் சேற்று மணம் பிடிக்காதவர்கள், வயிற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலை உப்பு தொட்டுத் தேய்த்து முழுதாக எடுத்துவிட்டு, புளித்த மோரில் கால் மணி நேரம் ஊறப் போட்டுக் கழுவினால் மணம் பெரும்பாலும் போய்விடும்.